சிவப்பு லைட் எரியாத கேமரா

மே 29, ஞாயிறு

கொழுந்தன் முத்தரசு துபாயிலிருந்து வந்து இறங்கிட்டார். பெட்டியில சென்ட் பாட்டில் இருக்கும், பாதாம்பருப்பு இருக்கும்னு நான் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னா, ஒரு கேமராவை எடுத்து மேசையில வைக்கிறார். பவுடர் டப்பா தண்டிதான் இருக்கு. எங்க வீட்டுக்காரவுக கல்யாண வீட்டுல தோள்ல தூக்குற கேமரா பக்கத்துல அதை வச்சப்ப எருமை முதுகுல கொக்கு உக்காந்த மாதிரி இருந்துச்சு.

"கேசட் எங்க போடணும் கொழுந்தனாரே?"

"கேசட்டே கிடையாது மைனி. இதுதான்." நகத்தளவு ஒரு நீலத் தகடு. கார்டாம். "ஒரு கல்யாணமே இதுக்குள்ள அடங்கிரும்."

"பந்தியுமா?"

"பந்தியும்தான்."

"உங்க அண்ணன் சாப்பிடுறதுக்கு மட்டும் தனியா ஒரு கார்டு போட்டுக்கிடுங்க."

இவுக சிரிக்கல. தகடை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாக. கடைசியில பார்க்க ஒண்ணும் இல்லாம திருப்பிக் குடுத்துட்டாக. கேசட்னா கையில வச்சா ஒரு கனம் இருக்கும், உள்ள கறுப்பு நாடா ஓடுறது தெரியும். இது தும்முனா பறந்துரும். துபாய்ல மூணு வருஷம் குப்பை கொட்டிட்டு இவர் கொண்டுவந்தது ஒரு நகத்தை.

இந்த டைரி உரக்கடையில சும்மா குடுத்தது. அஞ்சாப்பு படிச்சவளுக்கு எதுக்குன்னு இவுக கேட்டாக. அஞ்சாப்பு படிச்சவளுக்குத்தான் எழுத நிறைய இருக்கும்.

ஜூன் 5, ஞாயிறு

புதுக் கேமராவுல முதல் கல்யாணம். இட்டமொழி ரோட்டு மண்டபம்.

எங்க 'லிங்கம் வீடியோ'வுல யார் யாருக்கு என்ன வேலைன்னா, படம் பிடிக்கிறது இவுக. லைட் பிடிக்கிறது நான். லைட் பிடிச்சவன் கேரளாவுக்கு ஓடுனதுல இருந்து எட்டு வருசமா நான்தான். பொம்பளை லைட் பிடிச்சா சடங்கு வீட்டுல, வளைகாப்பு வீட்டுலயெல்லாம் தாராளமா உள்ள விடுறாக. எடுத்ததைக் கம்ப்யூட்டர்ல ஒட்டி, பாட்டுப் போட்டு, பூமாலைப் படத்துக்குள்ள ஜோடியைச் சுத்த விடுறது எங்க மக மேகலா. இப்ப கேமரா கொழுந்தன் கைக்குப் போயிட்டு. இவுக ஃபோட்டோ மட்டும் எடுக்கணுமாம். ஓரமா நின்னு எல்லாரையும் "இங்க பாருங்க, இங்க பாருங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாக. ஒருத்தரும் பார்க்கல.

ஒரு ரகசியம் எழுதிவைக்கிறேன். மேடையில மொய்க் கவரோட வரிசையா ஏறுவாக இல்லையா, அத்தனை பேரையும் பிடிச்சா கேசட் தாங்குமா? அதனால இவுக முழங்கையால என்னை ஒரு இடி இடிப்பாக. அப்படின்னா 'டம்மி'ன்னு அர்த்தம். கேமரா நின்னுரும், முன்னால இருக்கிற சிவப்பு லைட் அணைஞ்சிரும். நான் மட்டும் லைட்டை மூஞ்சிக்கு நேரா அடிச்சுக்கிட்டே இருப்பேன். அதுக பாவம், ஓடாத கேமராவுக்கு முன்னால முந்தானையைச் சரி பண்ணி, பல்லைக் காட்டி, பிள்ளையைத் தூக்கிக் காட்டி நிக்கும். அந்த நேரத்துல ஒவ்வொருத்தரைப் பத்தியும் இவுக காதுல நான் ஒண்ணு சொல்லுவேன். இவுக வயிறு குலுங்கும். இந்தத் தொழில்ல எனக்குக் கிடைக்கிற சம்பளமே அதுதான்.

கொழுந்தன் அண்ணனை மிஞ்சின கஞ்சன். தாலி கட்டுறப்ப எனக்குக் கண்ணுல அட்சதை விழுந்துட்டு, சிவப்பு லைட் எரிஞ்சதான்னு பார்க்கல. அதுக்குப் பிறகு மேடையில ஒரு தடவைகூடச் சிவப்பு லைட் எரியல. முழுக்க டம்மி. எனக்கென்ன, கொண்டாட்டம்தான். பொண்ணோட பெரியப்பா தலைக்கு மை அடிச்சதுல காதும் கறுத்திருந்துச்சு. "காதுக்குத் தனிக் கூலியாம்"னேன். கொழுந்தனுக்குச் சிரிப்பை அடக்க முடியல.

"கேமரா ஆடுது மைனி."

ஆடட்டும். ஆடினா என்ன, நின்னா என்ன.

ஜூன் 8, புதன்

மேகலாகிட்ட "எப்படிட்டி இருக்கு புதுக் கேமரா?"ன்னு கேட்டேன். "எல்லாம் தெளிவா இருக்கும்மா"ன்னா. காதுல அந்த ஹெட்போன், மூஞ்சி உம்முனு. இருபத்தேழு வயசுப் பிள்ளை எந்நேரமும் எருமை மழையில நிக்கிற மாதிரி.

ஜூலை 10, ஞாயிறு

மேகலாவைப் பொண்ணு பார்க்க வந்தாக. மாப்பிள்ளை கதிரேசன் நாங்குநேரியில டயர் கடை வச்சிருக்கார். தலையைக் குனிஞ்சவர் காபியைப் பார்த்தபடியே இருந்தார். அம்மாக்காரி பேச்சித்தாய் நல்லா ஆகிருதி. நாற்காலி அழுதுருச்சு.

இதுதான் முதல்ல வர்ற இடம்னு சொல்லிவச்சிருக்கு. உள்ளதைச் சொல்லணும்னா இந்த வீட்டுல பஜ்ஜி போட்டுப் போட்டு எண்ணெய்ச் சட்டியே ஓட்டையாயிட்டு.

நான் கலகலப்பா இருக்கணும்னு, "பிள்ளை கொஞ்சம் தாட்டியம்தான் மைனி. அரிசி விலை ஏறுனதே இவளாலதான்"னேன். எல்லாரும் சிரிச்சாக. மேகலா தட்டை வச்சுட்டு உள்ள போயிட்டா. ஒரு தமாசு தாங்காத பிள்ளை. போன தடவை வந்த வாத்தியார் வீட்டுக்காரங்ககூட இப்படித்தான் விழுந்து விழுந்து சிரிச்சாக. பிறகு பதிலே காணோம். சிரிச்சிட்டுப் போனவுகளுக்கு என்ன கேடோ.

ஜூலை 14, வியாழன்

பிடிச்சிருக்காம்! ஆவணியில பூ வச்சு நிச்சயம் பண்ணிக்கிடலாம்னு தரகர் சொல்லிட்டார். இவுக உடனே கோயிலுக்குப் போயிட்டாக. மேகலா ராத்திரிச் சாப்பாட்டுல ரெண்டாவது தடவை ரசம் கேட்டா. ரெண்டு தடவை ரசம் கேட்டாச் சம்மதம்னு அர்த்தம், எனக்குத் தெரியாதா. அவளுக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. இது மட்டும் தட்டிப் போகக் கூடாது முருகா.

ஜூலை 28, வியாழன்

ஆடி. ஒரு விசேஷமும் இல்லை. கொழுந்தன் பழைய கேசட்டையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டு, அந்த அலமாரியில தன்னோட கார்டை வச்சிருக்கார். முழு அலமாரி, உள்ள ஒரு தீப்பெட்டி, அதுக்குள்ள ரெண்டு நகம். மாட்டுத் தொழுவத்துல எறும்பைக் கட்டிப் போட்ட கதையா இருக்கு.

"காலம் மாறுது மைனி"ங்கிறார். காலம் மாறட்டும், அலமாரியைத் துடைக்கிறவ நான்தானே. இன்னைக்குக் கருவாடு கழுவி, லைட்டுக்கு வயர் மாத்தி, இவுக வேட்டியில நீலம் போட்டேன். துபாய்க்காரர் தூங்கினார்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

மில்லுக்காரர் அய்யாப்பழம் வீட்டுக் கல்யாணம். பெரிய இடம். மாப்பிள்ளைப் பையன் சிங்கப்பூர்ல வேலை. இதுல விசேஷம் என்னன்னா பேச்சித்தாயோட கூடப்பிறந்த அண்ணன்தான் இந்த அய்யாப்பழம். அதனால எங்க சம்பந்தி வீட்டு ஆளுக மொத்தமும் வந்திருந்தாக.

என்னா கூட்டம்! வழக்கம்போலச் சிவப்பு லைட் எரியல. நான் இன்னைக்கு உச்சத்துல இருந்தேன். அப்படியே எழுதுறேன், பின்னால படிச்சுச் சிரிக்கலாம்.

பேச்சித்தாய் பச்சைப் பட்டுல மேடை ஏறுச்சு. "வழி விடுங்கய்யா, பஞ்சாயத்துத் தண்ணி லாரி வருது"ன்னேன். கொழுந்தன் உதட்டைக் கடிச்சுக்கிட்டார். பின்னால கதிரேசன். "லாரிக்குப் பின்னால அதோட டயர்"னேன். அந்தம்மா மொய்க் கவரை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு நின்னுச்சு. "உள்ள என்ன இருக்குன்னு கவருக்கே தெரியாது"ன்னேன்.

கொழுந்தன், "மேகலாவுக்கு மாமியாரு மைனி"ன்னார்.

"இருக்கட்டுமே. என் மகளைக் கூட்டிட்டுப் போறதுக்கு லாரிதான் வேணும். எத்தனை பயக வந்து பஜ்ஜி தின்னுட்டு ஓடிட்டானுக. இந்தத் தண்ணி லாரி மகன் தலையிலயாவது கட்டித் தள்ளிட்டா, எங்க வீட்டுல அரிசி மிச்சம், வாசப்படி பிழைச்சிரும்."

கொழுந்தன் சிரிக்கல. பசி போல.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

அய்யாப்பழம் வீட்டு ஆள் வந்திருந்தான். பையன் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுறானாம், பாட்டுப் போட்டு ஒட்டுறதுக்கெல்லாம் காத்திருக்க முடியாதாம். எடுத்ததை அப்படியே ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க, டிவியில சொருகிப் பார்த்துக்கிடுவோம்னான். கேசட் காலத்துல இப்படி ஒருத்தன் கேட்டிருப்பானா? கேட்டாலும் எதுல போட்டுப் பார்ப்பான், ஆட்டுக்கல்லுலயா?

மேகலா அடுக்களை வரைக்கும் வந்து கேட்டா. "எல்லாத்தையும் அப்படியே குடுக்கவாம்மா?"

"குடேன்."

அங்கயே நின்னா. "சத்தத்தோடயா?"

"பின்ன, ஊமைப் படமா? மேளக்காரனுக்குத் துட்டு குடுத்திருக்காக, கேக்க வேண்டாமா. நீ போ, மீன் கருகுது."

பிறகு போயிட்டா.

ஆகஸ்ட் 26, வெள்ளி

இதை இன்னைக்கே எழுதிரணும். எழுத்து கோணினாலும் பரவாயில்லை.

காலையில டீ கொண்டு போனேன். கொழுந்தன் கம்ப்யூட்டர்ல ஞாயித்துக்கிழமைக் கல்யாணத்தை ஓட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தார். ஹெட்போன் இல்லை, சத்தம் வெளிய கேக்குது. நாதஸ்வரத்துக்கு மேல யாரோ ஒரு பொம்பளை பேசுறா. கொழுப்பெடுத்த குரல். வெத்தலை மென்னுக்கிட்டே ஊரை அளக்குற குரல்.

"யாருய்யா இந்த வாயாடி? மண்டபத்துல வேற ஆள் சத்தமே கேக்கல"ன்னேன்.

கொழுந்தன் என்னையப் பார்த்தார். டீயை வாங்காமப் பார்த்தார்.

"வழி விடுங்கய்யா, பஞ்சாயத்துத் தண்ணி லாரி வருது"ன்னு அவ சொன்னா.

என் குரல் இப்படியா இருக்கும்? இவ்வளவு நாளும் வேற மாதிரின்னு நினைச்சேன்.

"டம்மிதான ஓட்டுனீரு? சிவப்பு லைட் எரியலையே!"

"அந்த லைட் எரிஞ்சா ஆளுக விறைச்சுக்கிட்டு நிக்காகன்னு முதல் நாளே அமத்தி வச்சிட்டேன் மைனி. டம்மியெல்லாம் கேசட்டுக்குத்தான். கார்டுல இடம் கிடக்கே, காலையில ஆன் பண்ணினா சாயந்தரம்தான் நிறுத்துவேன்."

"சொல்ல வேண்டியதுதான?"

"பாட்டுப் போட்டா உங்க பேச்சு மறைஞ்சிரும்லா. இப்படி முழுசாக் கேட்டு வாங்குவாகன்னு யார் கண்டா? அதைக் குடுத்த அன்னைக்கு நான் ஊர்ல இல்லையே."

சனியன் பிடிச்ச நகம். கேசட்டுக்கு ஒரு நாகரிகம் உண்டு, நிறுத்துனா நின்னுரும். இது வேலிக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேக்குற சாதி.

பென்டிரைவ் போய் மூணு நாளாச்சு.

ஆகஸ்ட் 27, சனி

அய்யாப்பழம் வீட்டுக்குப் போனேன். பஸ்ல போறப்பவே ஒரு பொய்யைத் தயார் பண்ணிட்டேன். "அதுல வைரஸ் இருக்கு, டிவி வெடிச்சிரும், குடுங்க, வேற தாரோம்"னு சொல்லலாம்னு.

வீட்டம்மா மோர் குடுத்துச்சு. நான் வைரஸ் கதையைச் சொன்னேன். அதுவும் ரொம்பப் பதவிசாக் கேட்டுட்டு, "டிவிக்கு ஒண்ணும் ஆகல மைனி. பையன் கிளம்புறதுக்கு முந்தி எல்லாருமா உக்காந்து முழுசும் பார்த்தோம். எங்க நாத்தனாரும் வந்திருந்தாக"ன்னுச்சு. நாத்தனாருன்னா பேச்சித்தாய்.

"படம் தெளிவா இருந்துச்சா?"ன்னு கேட்டேன். வேற என்ன கேக்க.

"சத்தம்தான் ரொம்பத் தெளிவு."

அந்த வீட்டு மாமனாருக்குக் காது கேக்காது. அவர் ஒருத்தர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

தரகருக்குப் போன் போட்டேன். எடுக்கல.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

தரகர் எடுத்தார். நான் ஹலோ சொன்னதும் பஸ்ல இருக்கேன்னார். பின்னால கோழி கூவுது. கோழி ஏறுற பஸ் போல.

ஆகஸ்ட் 31, புதன்

இவுககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாகன்னு பார்த்தேன். "நானும் சிரிச்சவன்தான, வருசக்கணக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டு ஃபோட்டோக் கேமராவைத் துடைச்சாக. துடைச்சதையே துடைச்சாக. இப்படிப்பட்ட ஆம்பளைகிட்ட ஒரு சண்டை போடவாவது முடியுதா.

மேகலாகிட்ட இன்னும் சொல்லல. சொல்றதுக்கு வாய் வரல. அவ பூ வைக்கிற அன்னைக்குப் போட ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்கா. தானே போய் அளவு குடுத்துட்டு வந்திருக்கா, என்னையக் கூப்பிடல. அளவெடுக்கும்போது நான் எதாவது சொல்லுவேன்னு போல. போன தடவை தையக்காரிகிட்ட, "டேப் பத்தலைன்னா கயிறு தரட்டா"ன்னு கேட்டிருந்தேன். தையக்காரி சிரிச்சா.

செப்டம்பர் 4, ஞாயிறு

வந்துட்டாக. சொல்லாம கொள்ளாம. பேச்சித்தாயும் கதிரேசனும் மட்டும்.

நான் முகத்துல சிரிப்பை ஒட்டி, "வாங்க மைனி, வாங்க தம்பி"ன்னேன். பேச்சித்தாய் உக்காரல.

"நாற்காலி தாங்குமா மைனி? லாரி நிக்கிற இடமாப் பார்த்துச் சொல்லுங்க."

இவுக, "அது சும்மா விளையாட்டுக்கு..."ன்னு இழுத்தாக.

"நீங்க இருங்கண்ணே. எங்க தெருவுல பிள்ளைக எல்லாம் என்னையக் கண்டா இப்ப ஹாரன் அடிக்குதுக. ஒரு பயல் 'ரிவர்ஸ் எடுங்க அத்தை'ங்கான். அவனையே கை காட்டி நிறுத்தி, நாலு சாத்து சாத்திட்டுத்தான் வந்தேன்."

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்துட்டு. எனக்கும் வந்திருக்கும், வேற நாளா இருந்தா. பேச்சித்தாய்க்கே வாயோரம் லேசா இளகுச்சு. பிறகு அது போயிட்டு.

"என்னைச் சொன்னது கிடக்கட்டும். நானும் ஊரைப் பேசுறவதான், எனக்கும் வாய் உண்டு. முதல்ல வர்ற இடம்னு சொன்னீக, பொய்யின்னு ஆயிட்டு. அதைக்கூட விடுங்க, யாரும் உள்ளதைச் சொல்லிச் சம்பந்தம் பேசுறதில்லை. ஆனா பெத்தவளே தன் மகளை 'தலையில கட்டித் தள்ளிட்டா அரிசி மிச்சம்'னு மேடையில நின்னு சொல்றான்னா, எங்களுக்குத் தெரியாத குறை ஏதோ பிள்ளைகிட்ட இருக்குன்னுதான அர்த்தம்? அது என்னன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தோம்."

"ஒரு குறையும் இல்லை மைனி! தங்கமான பிள்ளை!"

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீக?"

என் வாழ்க்கையில முதல் தடவையா வாயில ஒண்ணுமே இல்லை. விளையாட்டுக்குன்னு சொல்லலாம். இவுக அதை ஏற்கெனவே சொல்லி, அது செல்லாமப் போயிருந்துச்சு.

அப்பதான் மேகலா உள்ளிருந்து வந்தா. முகம் கழுவியிருந்தா.

"அத்தை, பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தது நான்தான். தெரியாமப் போடல. மேடை வர்ற இடத்துல சத்தத்தை மட்டும் எடுத்திருக்கலாம், ஒரு நிமிச வேலை. தெரிஞ்சேதான் விட்டேன்."

"ஏட்டி!"ன்னேன்.

என் பக்கமே திரும்பல. "இதுக்கு முந்தியும் வந்து பார்த்துட்டுப் போனாக. இங்க உக்காந்து சிரிச்சிட்டுத்தான் போனாக. சிரிச்சவுகளுக்கு அப்புறம் எங்களைப் பிடிக்கல. உங்களை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதனால எங்க வீட்டுல எப்படிப் பேசுவாகன்னு முதல்லயே கேட்டுக்கிடுங்கன்னு குடுத்தேன். வேண்டாம்னா இப்பவே வேண்டாம்னுட்டுப் போங்க. கல்யாணமாகி வந்த பிறகு இதைக் கேட்டுட்டு நீங்களும் என்னைய அப்படிப் பார்க்கக் கூடாது."

இத்தனை வார்த்தை அவ சேர்ந்தாப்ல பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டுல பேச அவளுக்கு இடம் எங்க இருந்துச்சுங்கிறது வேற கதை.

அந்த டயர் கடைக்காரர் அப்பதான் வாயைத் திறந்தார். "கல்யாண வீடியோ எல்லாம் நீங்கதான ஒட்டுறது? அப்ப, இதையெல்லாம் தினமும் ஹெட்போன்ல கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"புதுக் கேமரா வந்ததுல இருந்து"ன்னா மேகலா. "அதுக்கு முந்தி நேர்லயே கேட்டேன்."

பேச்சித்தாய் போய் நாற்காலியில உக்காந்து, "தண்ணி குடும்மா"ன்னுச்சு. என்கிட்ட கேக்கல. மேகலாகிட்ட கேட்டுச்சு.

குடிச்சிட்டு, "கலந்து பேசிச் சொல்லுதோம்"னு எந்திரிச்சாக. வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, மேடையில நிக்கிறவுகளை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

செப்டம்பர் 5, திங்கள்

மேகலாகிட்ட, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா"ன்னேன்.

"கேட்டேனேம்மா. சத்தத்தோடயான்னு."

எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கார்டுதான்னு சொன்னேன். கார்டு, கார்டுன்னு நான்தான் ரொம்ப நேரம் திட்டிக்கிட்டு இருந்தேன். முருங்கைக்காய் நறுக்கினதுல விரலையும் நறுக்கிட்டேன்.

செப்டம்பர் 7, புதன்

பேச்சித்தாய் போன் பண்ணுச்சு. இவுக போனுக்கு இல்லை, எனக்கும் இல்லை. மேகலாவுக்கு. ரொம்ப நேரம் பேசுனாக. மேகலா "சரி அத்தை, சரி அத்தை"ன்னா. ஒரு இடத்துல சிரிச்சா. வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். இந்தச் சிரிப்பு இவகிட்ட இருந்துச்சா?

வர்ற ஞாயித்துக்கிழமை பூ வைக்க வாராகளாம். கல்யாணம் ஐப்பசியிலேயே. தள்ளிப் போட வேண்டாம்னு கதிரேசன் சொல்லிட்டாராம்.

"சந்தோசம்தானட்டி?"ன்னேன்.

"ஆமாம்மா. சீக்கிரம் போயிருவேன்."

ஐப்பசிக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்குன்னு காலண்டர்ல பார்க்கப் போயிட்டேன். கண்ணு தெரியல. கண்ணாடி மாத்தணும்.

செப்டம்பர் 11, ஞாயிறு

பூ வச்சாச்சு. எல்லாரும் போயிட்டாக. பாத்திரம் அப்படியே கிடக்கு.

காலையில மேகலாவுக்கு நான்தான் சடை பின்னினேன். வேற ஆளைக் கூப்பிட்டிருப்பான்னு நினைச்சேன், அவளே வந்து முன்னால உக்காந்தா. கதவு சாத்தியிருந்துச்சு. லைட் இல்லை, கேமரா இல்லை, நாங்க ரெண்டு பேர் மட்டும். அரக்குப் பட்டுல அவ எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லணும்னு நினைச்சு வாயைத் திறந்தேன். என் வாய் வந்து நின்ன இடம் 'மூட்டைக்குப் பட்டுத்துணி'. மூடிக்கிட்டேன். மறுபடி திறந்தேன், அப்பவும் அந்த மாதிரிப் பேச்சுதான் வந்து நிக்குது. இத்தனை வருசத்துல பேசிப் பேசி, மத்த வார்த்தையெல்லாம் எங்க போட்டேன்னு தெரியல.

கண்ணாடியில அவ என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா. எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்கா. தோளைக் குறுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கா. சின்ன வயசுல ஊசி போடக் கூட்டிட்டுப் போனா இப்படித்தான் குறுக்குவா.

வாசல்ல கார் கதவு சாத்துற சத்தம். இவுக "வந்துட்டாக, வந்துட்டாக"ன்னு ஓடுறாக.

"சடை இறுக்கமா இருக்காட்டி?"ன்னு கேட்டேன்.

அவ கொஞ்ச நேரம் காத்திருந்தா. அதுக்குப் பின்னால எதாவது வரும்னு. ஒண்ணும் வரலைன்னதும் தோளை மெதுவா இறக்கினா.

"இல்லம்மா. சரியா இருக்கு"ன்னா.